பயிர் காக்கும் துப்பாக்கி எது?

1932-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2-ஆம் தேதி, மேற்கு ஆஸ்திரேலியாவில் காம்பியன் என்ற கோதுமைப் பிரதேசத்தில் ஒரு யுத்தம் தொடங்கிற்று. ஒரு பக்கத்தில் பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் மெரிடித்தும் இரண்டு சிப்பாய்களும். அவர்களிடம் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் இருந்தன. எதிர்ப் பக்கத்தில் சுமார் 20,000 ஈமுப் பறவைகள். அவற்றுக்கு நீண்ட கால்களைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. யார் ஜயித்தார்கள் என்று சொல்லுமுன், சண்டை எப்படி மூண்டதென்று சொல்லிவிடுகிறேன்.

ஈமு என்பது தீக்கோழிக்கு உறவுமுறையுள்ள பறவை. ஆள் உயரம் இருக்கும். பறக்காது, ஆனால் மணிக்கு முப்பது மைல் வேகத்தில் ஓடும். ஆஸ்திரேலிய தேசத்தின் சின்னத்தில் கங்காருவுக்கு எதிரே நின்று கேடயத்தைத் தாங்குவது இந்தப் பறவைதான். அவ்வளவு மரியாதை பெற்ற பறவைக்குக் கோதுமை என்றால் ஆசை அதிகம். குஞ்சு பொரித்து வளர்த்த பிறகு, உள்நாட்டு வறண்ட பூமியிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு வரும். வழியிலே காடு வெட்டிக் கழனியாக்கிய நிலங்களைக் கண்டால், இரையும் நீரும் ஓரிடத்திலேயே கிடைக்கின்றனவே என்று தங்கிவிடும். தின்றது போக மிதித்துப் பாழாக்குவது வேறு. அதோடு நில்லாமல், முயல் நுழையாதிருக்கப் போட்ட கம்பி வேலிகளையும் முட்டிப் பிய்த்து முயல்களுக்கு ராஜபாட்டை திறந்து வைக்கும்.

அந்த நிலங்களைப் பயிரிட்டவர்களில் பலர் முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்கள். சர்க்கார் நிலம் கொடுத்து அவர்களை அங்கே குடியேற்றியிருந்தது. 1929-க்குப் பின் உலகமெங்கும் விலைவாசி சரிந்தபோது கோதுமை விலையும் விழுந்தது. தருவதாகச் சொன்ன உதவிப் பணமும் வந்து சேரவில்லை. கடன், விலை வீழ்ச்சி, அதற்கு மேல் ஈமு! பொறுக்கமாட்டாமல் அவர்கள் ராணுவ மந்திரி ஸர் ஜார்ஜ் பியர்ஸிடம் முறையிட்டார்கள். விவசாய மந்திரியை விட்டு ராணுவ மந்திரியிடம் போனதற்குக் காரணம் உண்டு. இயந்திரத் துப்பாக்கி செய்யும் வேலையைப் போர்முனையில் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். மனிதர் கூட்டத்தையே புல்லறுப்பது போல் அறுத்துத் தள்ளிய கருவிக்குப் பறவை எம்மாத்திரம் என்று எண்ணினார்கள். மந்திரியும் சம்மதித்தார். துப்பாக்கியைச் சிப்பாய்களே பிடிப்பது, தோட்டாவின் விலையும் சாப்பாட்டுச் செலவும் குடியானவர்களைச் சேர்வது என்று ஏற்பாடு. சினிமாப் படம் பிடிப்பவர் ஒருவரும் கூடப் போனார்.

முதல் நாள் ஐம்பது பறவைகள் தென்பட்டன. குடியானவர்கள் அவற்றைத் துப்பாக்கிக்கு நேரே வளைத்து ஓட்டப் பார்த்தார்கள். பறவைகளோ சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து நாலா திசையிலும் ஓடிவிட்டன. இரண்டு நாள் கழித்து ஓர் அணைக்கட்டின் அருகே பதுங்கியிருந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் ஒரே கூட்டமாக வந்தன. இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? வெகு அருகில் வரும்வரை பொறுத்திருந்து சுட்டார்கள். பன்னிரண்டு பறவைகள் விழுந்தன; துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மிச்சம் உள்ளவை மறைந்துவிட்டன. பிறகு மேஜர் ஒரு துப்பாக்கியை மோட்டார் லாரியின் மேல் ஏற்றிப் பார்த்தார். லாரியால் பறவையைப் பிடிக்க முடியவில்லை. மேடு பள்ளத்தில் குலுங்கிய குலுங்கலில் சிப்பாயால் ஒரு குண்டும் சுட முடியவில்லை. ஒரு வாரத்தில் 2,500 தோட்டாக்கள் தீர்ந்தன. எத்தனை பறவைகள் விழுந்தன என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். விஷயம் பார்லிமெண்டுக்குப் போயிற்று. இந்த யுத்தத்துக்குப் பதக்கம் உண்டா என்று ஓர் அங்கத்தினர் கேட்க, உண்டானால் அது ஈமுக்களுக்கே உரியது என்று மற்றொருவர் சொன்னாராம். படை திரும்பி அழைக்கப்பட்டது. குடியானவர்கள் மறுபடி மன்றாடவே, மறுபடியும் அனுப்பப்பட்டது. டிசம்பர் 10-ஆம் தேதி இரண்டாம் முறையும் முடிந்தபோது மேஜர் கொடுத்த கணக்கு இது: செலவான தோட்டா 9,860, மாண்ட பறவை 986. பத்துக் குண்டுக்கு ஒரு பறவை! காயம்பட்டுப் போய்ப் பிறகு செத்தவை இன்னும் 2,500 என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்.

இந்தக் கடைசி எண்ணிக்கையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. விழுந்தது ஒன்றானால், குண்டைச் சுமந்துகொண்டு ஓடிப் புதரில் கிடந்து செத்தவை இரண்டரை! மேஜரின் கணக்கில் மிகை இருக்கலாம். பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அது கொடுமைதான்.

இனி இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஈமுவைக் கொன்று அடையாளம் காட்டினால் தலைக்கு இவ்வளவு என்று இனாம் கொடுக்கும் முறை அந்த மாகாணத்தில் முன்பே உண்டு. 1934-ஆம் வருஷத்தில் ஆறு மாதங்களுக்குள் மட்டும் 57,034 பறவைகளுக்கு இனாம் கொடுக்கப்பட்டது. இவற்றைச் சுட்டவர்களிடம் இயந்திரத் துப்பாக்கி கிடையாது. தோட்டாவுக்குத் தம் கைக்காசைச் செலவிடும் மனிதர்கள், தமக்குத் தெரிந்த நிலத்தில், தமக்குத் தெரிந்த நேரத்தில், குறி பார்த்து ஒவ்வொன்றாகச் சுட்டார்கள்.

வேகமாகச் சுடும் துப்பாக்கி பயிரைக் காக்குமா என்ற கேள்வி காம்பியனோடு முடிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அதன் அண்டை நாடான நியூஜீலந்திலும் முயல், காட்டுப் பன்றி ஆகியவற்றோடு மல்லாடும் குடியானவர், கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கும்போதெல்லாம் இதே கேள்விதான் வேறு உருவத்தில் அவர் முன் நிற்கிறது. அந்த உருவத்துக்குப் பெயர் 'செமி ஆட்டோமாடிக் ரைபிள்'.

தாழ்ப்பாளும் தானே ஏறுவதும்

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். அதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1878-ஆம் வருஷம் லிட்டன் பிரபுவின் காலத்தில் செய்யப்பட்ட ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி கூடாது என்றது. வெள்ளைக்காரருக்கோ விலக்குக் கொடுத்தது. பன்றி தின்றது நம் குடியானவனின் வள்ளிக்கிழங்கை. துப்பாக்கி இருந்தது துரை பங்களாவில். மகாத்மா காந்தி 1930-இல் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காக ஜனங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்ஸா மூர்த்தியே இதைக் கேட்டாரா என்று வியப்பவர்கள், அந்தச் சட்டத்தில் இருந்த அவமானத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சுதந்திர இந்தியா 1959-இல் செய்துகொண்ட சட்டத்திலும் லைசென்ஸ் உண்டு. ஆனால் நிற பேதம் கிடையாது. பயிர்க் காவலுக்கென்று, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கியை அந்தச் சட்டம் தனியே குறிப்பிடவும் செய்கிறது.

ஆகவே பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். ரைபிள் என்பது குழலின் உட்புறம் திருகு போல் வரி வெட்டிய துப்பாக்கி. குண்டு அந்த வரியில் சுழன்று பம்பரம் போல் நிலைத்துச் செல்வதால் குறி தவறாது. ஒரு முறை சுட்டபின், காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். இதைக் கையால் செய்வது 'போல்ட்' ரைபிள். பெயருக்கேற்ப நம் கதவுத் தாழ்ப்பாள் போன்ற பிடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கினால் அடுத்த தோட்டா தயார். பழகிய கைக்கு இரண்டு விநாடி போதும்.

செமி ஆட்டோமாடிக்கில் இந்த வேலையை வெடிமருந்தே செய்துவிடுகிறது. சிறிய தோட்டாவானால், வெடிக்கும் வேகத்தில் காலித் தோட்டாவே பின்னால் உதைத்துப் பூட்டைத் தள்ளும். பெரிய தோட்டாவானால், குழலில் ஒரு சிறு துவாரம் வழியே புகை பிரிந்து வந்து ஓர் உந்து தண்டை இடிக்கும். எப்படியாயினும் காலித் தோட்டா தெறித்து விழ, வில்கம்பி பூட்டைத் திரும்பத் தள்ள, அடுத்த தோட்டா தானே ஏறிவிடும். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. மறுமுறை இழுத்தால் மறு குண்டு. காம்பியனுக்குப் போன லூயிஸ் துப்பாக்கி, விசையைப் பிடித்திருக்கும் வரையில் பொழிந்துகொண்டே இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தச் சௌகரியத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. போல்ட் ரைபிளில் சுட்டபின், நாம் கை வைத்தாலன்றி அடுத்த குண்டு ஏறாது. தானே ஏறும் துப்பாக்கியிலோ, சுட்ட அடுத்த கணமே அது மறுபடி கொல்லத் தயாராக நிற்கிறது. விழுந்த முயலை எடுக்க ஓடுகிறவன், வேலியைத் தாண்டுகிறவன், வண்டியில் துப்பாக்கியைச் சாய்த்து வைக்கிறவன் இதை மறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குடியானவனுக்கு வேட்டை ஒரு தனித் தொழிலன்று. வேலிக் கம்பி இழுப்பதற்கும் ஆடு திருப்புவதற்கும் நடுவில் செய்யும் காரியம். அவனோடு பெரும்பாலும் பையனோ நாயோ போகும். ஆகையால் இந்தக் குறை கடையில் இருப்பதைக் காட்டிலும் வயலில் பெரிதாகத் தோன்றும்.

முயலுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று

ஆஸ்திரேலியாவுக்கு முயல் வந்த கதை பிரசித்தமானது. தாமஸ் ஆஸ்டின் என்ற பெரிய நிலக்காரர், வேட்டையாடும் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து இருபத்து நான்கு முயல்களைத் தருவித்தார். அவை 1859-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் மெல்போர்ன் துறைமுகத்தில் வந்திறங்கின. ஐம்பது வருஷத்துக்குள் அவற்றின் சந்ததி கண்டத்தின் மேற்குக் கோடியை எட்டிவிட்டது. பொழுதுபோக்குக்கு இவ்வளவு விலை கொடுத்த தேசம் வேறில்லை.

முயலுக்கு ஏற்றது .22 என்னும் சிறு தோட்டா. அதன் குண்டு 2.6 கிராம், நம் பெண்மணிகளுக்கு விளங்கச் சொன்னால், சவரனில் மூன்றில் ஒரு பங்கு. ஐம்பது கஜம், மிஞ்சினால் எழுபத்தைந்து கஜம் வரையில் இது முயலைச் சுத்தமாக வீழ்த்தும். விலை மலிவு, சத்தமும் உதையும் குறைவு. மாலையில் ஒரு மேட்டோரம் பத்து முயல்கள் மேய்ந்துகொண்டிருக்கும்போது, ஒன்றை வீழ்த்திக் கண்ணை எடுக்காமலே அடுத்ததைக் குறி பார்க்கலாம் என்பதால், தானே ஏறும் துப்பாக்கி உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். 1964-இல் அமெரிக்காவில் ரூகர் கம்பெனியார் வெளியிட்ட 10/22 என்ற துப்பாக்கி இந்த வகையில் பேர்போனது. பத்துத் தோட்டாக்கள் உருளையாக அடங்கிய கூடு அதன் அடியிலேயே மறைந்திருக்கும்.

ஆயினும் அனுபவசாலிகள் ஒரு விஷயம் சொல்லுவார்கள். முயலைக் கலைக்காமல் சுடுவதற்கு ஒலியின் வேகத்தைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாக்கள் உண்டு. அவற்றில் 'பட்' என்ற வெடிப்பு இராது. அந்த மென்மையான தோட்டாவுக்குப் பூட்டைப் பின்னால் தள்ளும் பலம் பல சமயம் போதாது. துப்பாக்கி பாதியில் சிக்கி நின்றுவிடும். போல்ட் ரைபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, கை தள்ளுகிறதே! முதல் வெடியிலேயே மற்ற ஒன்பது முயல்களும் வளைக்குள் போய்விடுமானால் தானே ஏறியும் பயன் என்ன? மெதுவாகச் சுடுகிறவன் சத்தமில்லாமல் நாலு முயலை எடுத்துவிடுவான்.

சிறு தோட்டா என்று அலட்சியம் செய்வதும் தவறு. முயலுக்கு எழுபத்தைந்து கஜத்தில் பலம் குன்றும் அதே குண்டு, குறி தவறி மேலே போனால் ஒரு மைல் வரை செல்லும். தண்ணீரிலும் கெட்டித் தரையிலும் பட்டால் எம்பித் திசை மாறும். ஆகவே மேட்டின் விளிம்பில் வானத்தை ஒட்டி நிற்கும் பிராணியைச் சுடலாகாது என்பது அங்கே குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கும் பாடம். பின்னால் மண் இருக்கவேண்டும். குண்டு போய்ச் சேருமிடம் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

நரி வேறு ரகம். இதுவும் இங்கிலாந்துச் சீமான்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட பிராணிதான். ஆட்டுக்குட்டி ஈனும் காலத்தில் ராத்திரியில் வரும். இருநூறு கஜத்துக்கு இப்பால் வராது. இரண்டாவது வெடிக்குக் காத்திருக்கவும் மாட்டாது. இதற்கு .223 என்ற தோட்டாவைப் பெரிதும் கைக்கொள்ளுகிறார்கள். குண்டு அரைச் சவரனுக்கும் குறைவான எடைதான்; ஆனால் விநாடிக்கு மூவாயிரம் அடிக்கு மேல் பறப்பதால், .22-ஐப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு வலிமையுள்ளது. இங்கே வேண்டியது ஒரே ஒரு நல்ல வெடி. இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும் இரண்டு கண்கள் நரியுடையனவா, பக்கத்துப் பண்ணைக் கன்றுக்குட்டியுடையனவா என்று நிதானிக்க ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தைப் பொறுமையுள்ளவன் தானே எடுத்துக்கொள்வான். மற்றவனுக்குத் தாழ்ப்பாள் கொடுக்கிறது.

துப்பாக்கி எதுவாயினும், பல கம்பெனித் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி வாங்கி வந்து, மணல் மூட்டைமேல் குழலைத் தாங்கவைத்து, அட்டையில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டிலும்கூட ஒரே தோட்டா ஒரே மாதிரிப் போவதில்லை. எது நெருங்கி விழுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு பிறகு மாற்றாமல் இருக்கவேண்டும். ஆயிரம் டாலர் துப்பாக்கியைக் காட்டிலும் இந்த ஒரு மாலை வேலை அதிகப் பிரயோசனம் தரும்.

பன்றியின் விஷயம்

காட்டுப் பன்றியை நம் குடியானவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் நிலக்கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும் வித்தையை நேரில் கண்டவர்கள் அவர்கள். ஆஸ்திரேலியாவில் அது 1788-இல் முதல் குடியேற்றக் கப்பல்களோடு வந்த வீட்டுப் பன்றியின் வம்சம். கரும்பையும் கோதுமையையும் அழிப்பது போதாதென்று, பிறந்த ஆட்டுக்குட்டியையும் தின்னும்.

செமி ஆட்டோமாடிக் வேண்டும் என்பவர்களின் பலமான வாதம் இங்கேதான் இருக்கிறது. பன்றி தனியே வராது. தாயும் குட்டிகளுமாக இருபதாய் முப்பதாய் வரும். ஒன்றைச் சுட்டால் மற்றவை ஓடும். தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டோ மூன்றோதான் விழும். தானே ஏறினால் ஆறு ஏழு விழும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. அரசாங்கம் அமர்த்திய கைதேர்ந்த வேட்டைக்காரர்கள் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டே பன்றிக் கூட்டத்தைச் சுடும்போது, .308 போன்ற பெருந்தோட்டா ஏறும் செமி ஆட்டோமாடிக்கையே பிடிக்கிறார்கள். காயம்பட்டதை அடுத்த விநாடியே முடித்துவிட வேண்டும். வானில் ஆடும் வாகனத்தில் போல்ட்டை இழுத்துக் கொண்டிருக்க முடியாது.

தரையில் நிற்கும் குடியானவனின் நிலை அதுவன்று. ஓடும் பன்றிமேல் சரமாரியாகச் சுட்டால் குடலில் பட்டு ஓடுவதே அதிகம். தப்பியவை மறுநாள் வேறு வேளையில், வேறு வழியில், இரட்டிப்பு எச்சரிக்கையோடு வரும். அங்கே விவசாய இலாகாவினர் சொல்லும் யோசனையும் அதுவே: முதலில் துப்பாக்கியை எடுக்காதே, சில நாள் தானியம் வைத்துப் பழக்கு, கூட்டம் முழுதும் உள்ளே வரும்வரை பொறுத்துப் பெரிய பட்டிக் கூண்டை மூடு, அதன் பிறகு துப்பாக்கிக்கு வேலை கொடு. கூண்டுக்குள் நிற்கும் பன்றிக்கு எந்தத் துப்பாக்கியும் போதும். நம் தமிழ்நாட்டு அரசாங்கம் 2025 ஜனவரியில் செய்த ஏற்பாட்டிலும், காப்புக் காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப் பன்றியை மட்டுமே சுடலாம் என்றும், அதையும் வனத்துறையினரே செய்யவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கு உட்பட்ட கிராமத்தில் இருக்கும் குடியானவனுக்கு இது ஆறுதலாயிராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு நாட்கள்

1996-ஆம் வருஷம் வரையில் ஆஸ்திரேலியாவில் சில மாகாணங்களில் எவ்வகைச் செமி ஆட்டோமாடிக்கும் எளிதாகக் கிடைத்தது. அவ்வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி, டாஸ்மேனியாத் தீவில் போர்ட் ஆர்தர் என்ற பழைய சிறைச்சாலை ஊருக்கு உல்லாசப் பிரயாணமாக வந்திருந்த ஜனங்கள் நடுவே, ஒருவன் அத்தகைய ராணுவ மாதிரி ரைபிள்களால் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். நரியையும் பன்றியையும் உத்தேசித்து விற்கப்பட்ட கருவிக்கு எது பன்றி, எது குழந்தை என்று தெரியவில்லை.

பன்னிரண்டே நாளில், மே 10-ஆம் தேதி, மத்திய சர்க்காரும் எல்லா மாகாணங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. பெருந்தோட்டாச் செமி ஆட்டோமாடிக் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. உத்தியோக முறையில் பிராணிகளை ஒழிக்கும் வேட்டைக்காரர் போன்றவர்களுக்கே உண்டு. குடியானவர்களுக்கு ஒரு சலுகை: அவசியத்தைக் காட்டினால், பத்துத் தோட்டாவுக்கு மேற்படாத .22 போன்ற சிறு செமி ஆட்டோமாடிக் ஒன்று வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி வேண்டும் என்பவன் தக்க காரணம் சொல்லவேண்டும், 28 நாள் காத்திருக்க வேண்டும், பூட்டிவைக்க வேண்டும். கைவசமிருந்த விலக்கப்பட்ட துப்பாக்கிகளைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கிற்று. வருமானத்தில் நூற்றுக்கு 0.2 வீதம் ஒரு வருஷத்துக்கு அதிக வரி போட்டு, ஆறு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கி நொறுக்கினார்கள்.

இது சுலபமாக நடந்த காரியமன்று. சட்டத்துக்குட்பட்டு நடந்த குடியானவர்கள், எவனோ செய்த பாதகத்துக்கு எங்களைத் தண்டிப்பதா என்று கொதித்தார்கள். அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். தந்தை கொடுத்த துப்பாக்கியை மேஜைமேல் வைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்புவது யாருக்கும் எளிதன்று. பிரதம மந்திரி ஜான் ஹோவர்ட் விக்டோரியா மாகாணத்தில் ஸேல் என்ற ஊரில் அவர்களுடைய கூட்டத்தில் பேசப் போனபோது, கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து போனார். அவரைவிடக் கஷ்டமான நிலை உதவிப் பிரதமர் டிம் பிஷருடையது. அவர் குடியானவர் கட்சியின் தலைவர், தாமே குடியானவர், வியட்நாமில் போரிட்ட சிப்பாய். எதிர்த்துக் கூச்சலிட்டவர்கள் அவருக்கு வோட்டுப் போட்டவர்களே. ஆயினும் அவர் ஒப்பந்தத்துக்கு ஆதரவாகவே நின்றார். நியூஜீலந்தில் 2019 மார்ச் 15-ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச் நகரத்து மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, அந்த நாட்டுப் பார்லிமெண்டும் ஒரு மாதத்துக்குள், ஒரே ஒரு வோட்டு எதிர்ப்போடு, இதே போன்ற சட்டத்தை நிறைவேற்றிற்று. அங்கும் பத்துத் தோட்டா .22-க்கு விலக்குக் கொடுத்தார்கள்.

துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் என்றால் நமக்கு லிட்டன் பிரபுதான் ஞாபகம் வருவார். இவ்விரண்டும் வேறு வகை. ஜனங்கள் தாங்களே தேர்ந்தெடுத்த சபையில் எல்லோருக்கும் ஒன்றாகச் செய்து, விலையும் கொடுத்த சட்டங்கள். சலுகையின் எல்லையும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தானே ஏறும் துப்பாக்கி வயலில் மெய்யாகவே உதவுவது முயலுக்கு; அது .22. மற்றப் பிராணிகளுக்கு அது தரும் லாபம் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக ஊர் முழுதும் தாங்கவேண்டிய அபாயம் பெரிது.

ஆகவே ஆடும் கோதுமையுமாக வாழும் குடியானவர் என்னைக் கேட்டால், .22-இல் ஒன்று, .223-இல் ஒன்று, இரண்டும் போல்ட் ரைபிளாக வாங்கச் சொல்லுவேன். பன்றித் தொல்லை மிகுந்த இடமானால் இரண்டாவதற்குப் பதில் .308. முயல் மிதமிஞ்சிச் சர்க்கார் சலுகையும் கிடைத்தால் முதலாவது மட்டும் செமி ஆட்டோமாடிக்காக இருக்கலாம். மிச்சப் பணம் நல்ல தொலைநோக்குக் கண்ணாடிக்கும் இரும்புப் பெட்டிக்கும் போகட்டும். சுண்டெலிப் படை வந்தால் எந்தத் துப்பாக்கியும் உதவாது என்பதை 2021-இல் நியூ சவுத் வேல்ஸ் குடியானவர்கள் மறுபடி கண்டார்கள்.

மற்றப்படி, முயலை அந்தக் கண்டத்தில் அடக்கியது துப்பாக்கியே அன்று. 1901-இல் தொடங்கி 1907-இல் முடித்த முதல் முயல் வேலி 1,139 மைல் நீளம். கட்டி முடிப்பதற்குள் முயல்கள் அப்பால் போய்விட்டன. 1950-இல் பரப்பிய மிக்ஸமடோஸிஸ் என்ற முயல் நோய்தான் முதன் முதலில் அவற்றின் தொகையை ஒடித்தது. பிழைத்தவை நாளடைவில் அந்த நோயையும் தாங்கக் கற்றுக்கொண்டன. நோயில் கண் வீங்கிக் குருடாகித் திரிந்த முயல்களைப் பார்த்தவர்கள், ஒரே குண்டில் சாவது எவ்வளவோ மேல் என்றார்கள்.

காம்பியன் பக்கத்துக் குடியானவர்கள் அதற்கப்புறமும் ராணுவ உதவி வேண்டுமென்று 1934-இலும் 1943-இலும் 1948-இலும் மனுச் செய்துகொண்டார்கள். மூன்று முறையும் சர்க்கார் மறுத்துவிட்டது. ஈமுக்கள் இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓடிக்கொண்டிருக்கின்றன.